கட்டில்கள் ஆற்றைக் கடந்த மாரி

உங்களில் யார் எந்த வேலையிலிருந்து இந்தப் படிப்புக்கு வந்தவர் என்று கேட்டால், ஐந்து நிமிடம் பேச விட்டுவிட்டுச் சொல்லிவிடுவேன். ஒரு பிரச்சினையை மேசையில் வைத்ததும் சத்திரசிகிச்சைப் பக்கத்து ஆள் எதை வெட்டி எடுக்கலாம் என்று பார்ப்பார். மருந்துக் கலவையாளர் எது கையிருப்பில் இல்லை என்று கேட்பார். தாதி மட்டும், இதையெல்லாம் கடைசியில் யார் துடைத்துக் கழுவப் போகிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். நான் தாதி. சுகாதாரக் கொள்கை படிக்கப் போனபோதும் அதே யோசனையோடுதான் போனேன், ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும்போதும் அது என்னை விட்டுப் போகவில்லை.

புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லச் சொன்னீர்கள். ஒரு மகப்பேற்று நிலையத்தை இடம் மாற்றிய கதையைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நாட்டில் பிரச்சினைகள் பெரிதாவதற்கு முந்திய காலம். பட்டப்பின் படிப்புக்காரர் மூவரை ஒரு குழுவாக்கிக் கல்முனைக் கரைக்கு அனுப்பினார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்து வைத்தியர். பிரசவ விடுதிகளில் வேலை செய்து கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். இன்னொருவர் மலைநாட்டுப் பக்கத்து முஸ்லிம், பல் வைத்தியர் நவாஸ். மூன்றாவது ஆள் நான். கல்முனையில் ஒரு மெதடிஸ்தக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள், ஊர் தெரிந்தவள் என்பதற்காகச் சேர்க்கப்பட்டேன். மூவருக்கும் கொள்கை என்றால் என்னவென்று அப்போது சரியாகத் தெரியாது.

கல்முனைக்குத் தெற்கே கடலை ஒட்டிய முஸ்லிம் ஊரொன்றில் ஒரு சிறிய மகப்பேற்று நிலையம் இருந்தது. சில கட்டில்கள், பிரசவம் பார்க்க அரசாங்கம் அனுப்பிய ஒரு மருத்துவமாது, ஒரு கிணறு. கட்டில்கள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தன. ஊர்ப் பெண்கள் வீட்டிலேயே ஊர் மருத்துவிச்சியை வைத்துப் பிள்ளை பெற்றார்கள். ஆற்றுக்கு அப்பால் நாவிதன்வெளிப் பக்கத்து வயல் கிராமங்களிலோ அப்படி ஒரு நிலையமே இல்லை. ஆகவே கட்டில்களையும் மருத்துவமாதையும் அங்கே மாற்றலாமா என்பது மேலிடத்தின் கேள்வி. அதற்குப் பதில் எழுதுவதுதான் எங்கள் வேலை.

மேற்பார்வையாளர் ஒரேயொரு கட்டளைதான் போட்டார். "போற இடத்தில வைத்தியம் பார்க்காதேங்கோ. பானையில எவ்வளவு தண்ணி இருக்கெண்டு அளக்கப் போறீங்கள். நீங்களே ஊத்திப்போட்டு அளக்கக் கூடாது."

முதலில் கட்டளையை மீறியவர் நவாஸ். பிள்ளைப்பேறு பற்றிய ஆய்வில் பல் வைத்தியருக்கு என்ன வேலை என்று நாங்கள் அவரைச் சீண்டிக்கொண்டே இருப்போம். ஊருக்குள் ஒருவருக்கு அவர் பல் டொக்டர் என்று தெரிந்ததுதான் தாமதம், கன்னம் வீங்கியவர்களெல்லாம் நாங்கள் தங்கியிருந்த வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பல்தானே, பிள்ளைப்பேற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எங்களுக்கு நியாயம் சொன்னார். வைத்தியரும் நானும் அதைக் கேட்டுச் சிரித்தோம்.

தாதி என்பதால் என்னை மிஸி என்று கூப்பிட்ட பெண்களிடம் நான் கேட்டேன், ஆண்களிடம் மற்ற இருவரும் கேட்டார்கள். நிலையத்தில் ஏதும் குறை உண்டா? இல்லை. மருத்துவமாது கடுமையானவரா? இல்லை, நல்ல மனுசி. பிறகு ஏன் போவதில்லை? "போகத்தான் இரிந்த மிஸி, அதுக்குள்ள நோவு வந்திட்டு." எல்லா வீட்டிலும் பிரசவ நோவு அவசரமாகவே வந்திருந்தது. மரியாதைக்குச் சொல்லும் பதில் என்று விளங்கியது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று விளங்கவில்லை.

விளங்கியது ஒரு பிள்ளைத் திருட்டால். ஒருநாள் காலையில் நிலையத்தில் ஒருத்திக்கு ஆண்குழந்தை பிறந்தது. மருத்துவமாது தாயைக் கவனித்துக்கொண்டிருக்க, பெற்றவளின் தாய், அவர்கள் பேச்சில் உம்மா, குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு பின்வாசலால் ஓடினார். மருத்துவமாது கூக்குரலிட்டுக்கொண்டு பின்னால் ஓடினார். வைத்தியரும் நானும் அவருக்குப் பின்னால் ஓடினோம். போய்ப் பார்த்தால், வேலிக்கு வெளியே நின்ற தகப்பன் குழந்தையை வாங்கி, அதன் வலது காதோடு வாய் வைத்து மெல்லிய குரலில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லி முடித்து, இடது காதிலும் ஓதி, குழந்தையைத் திருப்பிக் கொடுத்தான்.

பிறந்த குழந்தையின் காதில் முதலில் தொழுகையின் அழைப்பு விழவேண்டும், அதை ஓர் ஆண் சொல்லவேண்டும் என்பது அந்த ஊரில் விட்டுக்கொடுக்க முடியாத காரியம். நிலையத்தின் விதியோ, ஆண்கள் மாலையில் பார்வை நேரத்தில் மட்டும் வரலாம் என்பது. விடியற்காலையில் பிறந்த பிள்ளை பாங்கு கேளாமல் மாலைவரை கிடக்கவேண்டும். முஸ்லிம் பெண்களின் மானம் மரியாதையைக் காப்பதற்காகவே போட்ட விதி அது. நல்லெண்ணத்தோடு போட்ட விதி என்பதால் அதைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நவாஸிடம் கேட்டேன், உங்களுக்குமா தெரியாது என்று.

"பாங்கு தெரியும். ஆனா எங்கட பக்கம் ஆஸ்பத்திரியால வந்த பொறகுதான் சொல்லுவாங்க. இவ்வளவு அவசரம் இரிக்கிறது எனக்குத் தெரியாது" என்றார். அவரும் அந்த ஊருக்கு என்னைப்போல ஓர் அந்நியர்தான்.

வைத்தியர் அன்றைக்கே மருத்துவமாதிடம் சொல்லி, பிள்ளை பிறந்ததும் தகப்பனை விறாந்தைக்கு வரவிட ஏற்பாடு செய்தார். அதோடு நிற்கவில்லை. கடினமான பிரசவமென்றால் தன்னைக் கூப்பிடச் சொன்னார். செய்தி பரவ அதிக நாள் எடுக்கவில்லை. கட்டில்கள் நிறைந்தன. சில நாட்களில் பாயும் போடவேண்டியிருந்தது. வைத்தியர் சந்தோஷமாக இருந்தார், ஆய்வுக்கு வந்த மனிதர் என்பதையே மறந்துபோனார்.

பரீதாவை அப்போதுதான் சந்தித்தேன். நான்காவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். மூன்றாவதை வீட்டில் பெற்றபோது இரத்தம் நிற்காமல் போய், மயிரிழையில் பிழைத்தவள். இன்னொருமுறை அப்படி நடந்தால் வீட்டில் வைத்து அவளைக் காப்பாற்ற முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"மிஸி, மாரி மழைக்குள்ள எனக்கு நாள். அதுமட்டுக்கும் இந்த இடம் இரிக்குமா? எடுக்கப் போறாங்க என்டு கதைக்கிறாங்க."

பக்கத்தில் நின்ற வைத்தியர், "இருக்கும் பிள்ளை, பயப்பிடாதையும்" என்றார்.

அவர் நம்பித்தான் சொன்னார். ஆனால் அன்று வீடு திரும்பும் வழியில் எனக்கு ஒன்று உறைத்தது. கட்டில்களை நாவிதன்வெளிக்கு மாற்றலாமா என்பது கேள்வி. நாங்கள் வந்து வாரக் கணக்காகிவிட்டது, மூவரில் ஒருவரும் நாவிதன்வெளியைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? நாங்கள் மூவரும் நோயாளி வந்து முன்னால் நிற்கும் தொழிலில் இருந்தவர்கள். முன்னால் நிற்காத ஆளைத் தேடிப்போகும் பழக்கம் எங்கள் காலுக்கு இல்லை.

மறுநாள் நெல் மூட்டை ஏற்ற வந்த உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி ஆற்றைக் கடந்தேன். ஆற்றுக்குக் குறுக்கே தாம்போதி என்ற தாழ்ந்த கல்பாதை ஒன்றுதான் வழி. மாரியில் அதன்மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடும், வண்டியும் போகாது, ஆளும் போகமுடியாது. அப்பாலிருந்த கிராமங்களில் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து இருந்தார்கள். ஒரு கிராமத்தில் என்னைக் கண்டதும் தங்கம்மா என்றொரு பெண் வந்து கையைப் பிடித்தாள். வயிற்றைப் பார்த்தால் அவளுக்கும் மாரிக்குள்தான் என்று தெரிந்தது.

"வந்திட்டீங்களா மிஸி? அறையப் பாருங்க, சரியா என்டு."

கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். நெல் வைத்திருந்த ஓர் அறையை ஊரார் வெறுமையாக்கி, மண் பூசி மெழுகி, ஜன்னலுக்குப் புதுப் பலகை அடித்திருந்தார்கள். மருத்துவமாது வரப் போகிறார் என்று யாரோ ஓர் அதிகாரி வாய்தவறிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை நம்பி அறை ஆயத்தமாகிவிட்டது. போன மாரியில் இரண்டு பெண்கள் ஆற்றங்கரையிலேயே மாண்டுபோனதாகச் சொன்னாள். அழாமல் சொன்னாள். நான் மருத்துவமாது இல்லை என்று சொன்னபோது தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் மூவருக்கும் நல்ல சண்டை.

"நாங்கள் கண்டதை எழுதுவம்" என்றார் வைத்தியர். "கட்டில் நிரம்பிக் கிடக்கு. அவ்வளவுதானே கேக்கினம்?"

"நிரப்பினது நீங்கள், டொக்டர். நீங்கள் போனால் யார் நிரப்பிறது?"

"அப்ப அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன சொல்லு?"

நவாஸ், "கட்டில எடுக்கச் சொல்லி எழுதினா, முஸ்லிம் ஆளே நம்மட கட்டிலத் தூக்கிக் குடுத்திட்டான் என்டு ஊர் சொல்லும்" என்றார். "அதுக்குப் பயந்து எழுதாம விடவும் ஏலாது. நானும் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன்."

போய்விட்டு முழங்கால்வரை சேற்றோடு வந்தார். குளிக்காமலே உட்கார்ந்து எழுதத் தொடங்கினோம்.

நாங்கள் எழுதியது இதுதான். கடலோரத்து இந்தக் கரையூர்ப் பெண்களுக்குத் தார் றோட்டில் பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே இரத்தமும் உண்டு, வைத்தியரும் உண்டு. அவர்கள் போகாததற்குக் காரணம் அங்கேயும் அதே பார்வை நேர விதி இருப்பது. முதலில் அந்த விதியை மாற்றித் தகப்பனை உள்ளே விடுங்கள். கரையூர்ப் பெண்கள் அங்கே போகத் தொடங்கியபிறகு, சிறிய நிலையத்தை நாவிதன்வெளிக்கு மாற்றுங்கள். எங்கள் காலத்தில் கட்டில் நிரம்பியது நாங்கள் இருந்ததால்தான் என்பதையும் மறைக்காமல் எழுதினோம். வைத்தியர் கடைசியாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அன்றைக்கு எங்களோடு சாப்பிடவில்லை.

அறிக்கை போனது. வைத்தியர் கொழும்புக்குத் திரும்பினார். நவாஸைக் கொஞ்சக் காலத்துக்கு அதே பெரிய ஆஸ்பத்திரியின் பல் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். நான் கல்முனை வீட்டில் இருந்து என் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். மழை தொடங்குமுன் ஒரு லொறி வந்து கட்டில்களை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்தது. மருத்துவமாது முன் ஆசனத்தில் இருந்து போனார். ஆஸ்பத்திரி விதி அப்படியே இருந்தது.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பரிந்துரை எழுதினால், லொறி வைத்துச் செய்யக்கூடியது முதலில் நடக்கும். ஓர் அதிகாரி தன் பழக்கத்தை மாற்றவேண்டியது கோப்புக்குள் கிடக்கும். "முதலில்", "பிறகு" என்று நீங்கள் எழுதும் சொற்களை யாரும் உங்களைப்போல ஊன்றி வாசிப்பதில்லை. எனக்குக் கோபம் வந்து இரண்டு மூன்று இடங்களுக்குப் போய்க் கதைத்தேன். கவனிக்கிறோம் என்றார்கள்.

மழை பிடித்தபின் ஒருநாள் காலையில் பரீதாவின் கணவன் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தான்.

"மிஸி, அவக்கு நோவு வந்திட்டு. மாமி ஆஸ்பத்திரிக்கி விடுறாவில்ல. நான் சொன்னாக் கேக்கிறாவில்ல. நீங்க ஒருக்கா வாங்க."

அந்த ஊர்களில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தது. மருமகன் வந்து குடியிருப்பவன். பிள்ளைப்பேறு பற்றிய முடிவு பெண்ணின் உம்மாவுடையது. பரீதாவின் தாய் ஆசியா உம்மா வாசலிலேயே நின்றார். உள்ளே மருத்துவிச்சி வந்துவிட்டிருந்தார்.

"எங்கட கட்டில் இரிந்தா நானே கூட்டிப் போயிரிப்பன்" என்றார் ஆசியா உம்மா. "நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க. இப்ப அந்தப் பெரிய ஆஸ்பத்திரில மருமகன வாசலுக்கும் விடமாட்டாங்க. என்ட பேரப்புள்ள பாங்கு கேளாமக் கிடக்கிறதா?"

பரீதா உள்ளே முனகுவது கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது. மகள் செத்துப்போவாள் என்று அந்தத் தாயை மிரட்டலாம். அது அவருக்குத் தெரியாத செய்தியல்ல, பிடிவாதம் கூடத்தான் செய்யும். தகப்பனை உள்ளே விடுவார்கள் என்று பொய் சொல்லலாம். அந்தப் பொய் ஆஸ்பத்திரி வாசலில் உடைந்தால், அந்த ஊரில் இனி ஒருத்தியும் அந்தப் பக்கம் போகமாட்டாள். மார்க்க அறிஞர் ஒருவரைக் கூட்டிவந்து, பிந்திச் சொன்னாலும் குற்றமில்லை என்று சொல்ல வைக்கலாம். அதற்கு நேரமில்லை.

"உம்மா, பாங்கு சொல்ல ஒரு ஆள் உள்ளுக்கே இருக்கிறார். அவரை ஒருத்தரும் மறிக்க ஏலாது. அவர் டொக்டர்."

"ஆரு?"

"நவாஸ் டொக்டர்."

"அந்தப் பல்லுப் புடுங்கிற மகனா?"

"ஓம், அவர்தான்."

ஆசியா உம்மா என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "அவருக்குப் பாங்கு சரியாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்" என்றேன். அவர் பாங்கு சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் அன்றைக்கு வேலைக்கு வந்திருப்பாரா என்பதும் எனக்குத் தெரியாது.

வாடகைக் கார் ஒன்றைப் பிடித்துப் போனோம். பரீதாவைப் பிரசவ விடுதியில் ஒப்படைத்துவிட்டுப் பல் பிரிவுக்கு ஓடினேன். நவாஸ் ஒருவருடைய கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பல் பிடுங்கும் குறட்டைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"சின்ன வயசில மதரசாவில சொன்னதுதான். என்ட பேர ஏன் சொன்னீங்க?"

"வேற பேர் இல்ல, டொக்டர்."

அவர் பல்லை எடுத்தார், கையைக் கழுவினார், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே என்னோடு வந்தார். ஒத்திகை பார்க்கிறார் என்று விளங்கியது. பிரசவ விடுதி வாசலில் தலைமைத் தாதியான மேற்றன் நின்றார். பல் வைத்தியருக்கு இங்கே என்ன வேலை என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். "ஒரு குழந்தையைப் பார்க்கவேண்டும்" என்றார் நவாஸ். வைத்தியரை மறிக்க மேற்றனுக்கு அதிகாரமில்லை. பிறந்த குழந்தைக்குப் பல் ஏது என்று கேட்கவும் அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பரீதாவுக்குப் பெண்குழந்தை. பயந்ததுபோலவே இரத்தம் போனது. அங்கே அதை நிறுத்த ஆளும் மருந்தும் இருந்தன, நிறுத்தினார்கள். அவளுக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருக்க, பக்கத்தில் நவாஸ் குழந்தையை ஏந்தி, வலது காதில் பாங்கு சொன்னார். குரல் முதலில் தடுமாறியது, பிறகு சரியாக வந்தது. பரீதா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அடுத்த கட்டிலில் கிடந்த பெண் சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, "டொக்டர், என்ட புள்ளைக்கும் இன்னும் சொல்லல்ல" என்றாள். அவர் அந்தப் பிள்ளையையும் வாங்கினார்.

அதற்குப் பிறகு நவாஸுக்கு நிம்மதி போனது. கரையூர்ப் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக அந்த ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள், வந்தவர்களெல்லாம் பல் டொக்டரைக் கேட்டார்கள். வீங்கிய கன்னங்கள் வரிசையில் காத்திருக்க, அவர் வெள்ளைக் கோட்டோடு பிரசவ விடுதிக்கு ஓடினார். மேற்றன் கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு ஒருநாள், விடுதியின் பக்க வாசலில் உட்கார ஒரு மர வாங்கைப் போட்டு, தகப்பன்மார் அதில் இருந்து பாங்கு சொல்லிவிட்டுப் போகலாம் என்று தானாகவே உத்தரவு போட்டார். எங்கள் முதலாவது பரிந்துரை நிறைவேறியது அப்படித்தான். மேலிடத்திலிருந்து அதுபற்றி ஒரு வரியும் எனக்கு வரவில்லை.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்தபின் பரீதாவைப் பார்க்கப் போனேன். அவள் தேறியிருந்தாள். ஆசியா உம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எனக்கு எதிரே இருந்தார்.

"அங்கால கொண்டுபோன கட்டில்ல ஆரும் பெத்தாங்களா?"

"ஓம் உம்மா. தாம்போதி மூடிக் கிடந்த நேரம் தங்கம்மா என்டு ஒரு பிள்ளை பெத்தவ. பிறகு இன்னும் ரெண்டு பேர். ஒரு ஆள் உங்கட ஆக்கள்தான்."

"தாயும் புள்ளையும் சுகமா?"

"எல்லாரும் சுகம்."

"அல்ஹம்துலில்லாஹ்." இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரை என் பக்கம் தள்ளிவைத்தார். "அந்தப் பல்லு மகனுக்கு அஞ்சு நேரத் தொழுகையிலும் துஆக் கேக்கன். உங்களுக்கும் கேக்கன். ஆனா மிஸி, அது எங்கட கட்டில். எங்களுக்கிட்டக் கேளாமத்தான் எடுத்தீங்க. நான் மௌத்தாகி மண்ணுக்குள்ள போகுமட்டும் அதச் சொல்லுவன்."

"சொல்லுங்க உம்மா" என்றேன்.

அதற்குப் பிறகும் அந்த ஊருக்கு எத்தனையோ முறை போனேன். போகும்போதெல்லாம், சபையில் யார் இருந்தாலும், அவர் அதைச் சொன்னார். நான் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டேன்.